பெற்றோர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடைக்கால பிக்னிக், பழைய பாடப்புத்தகப் பரிமாற்றம் எல்லாம் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. உழைத்த எல்லோருக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது நம் பள்ளி மாவட்டத்தின், அதாவது இந்த ஊர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், பட்ஜெட். அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, பள்ளிகள் நம்பியிருந்த சொத்து வரியைச் சொத்து மதிப்பில் சுமார் 1 சதவீதத்தோடு கட்டிப்போட்டது. அதன்பின் நம்முடையது உட்படப் பெரும்பாலான மாவட்டங்கள் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவின் கையைத்தான் எதிர்பார்த்து நிற்கின்றன. மாநிலமோ வருமான வரியை, அதிலும் பெரிய வருமானக்காரர்கள் கட்டும் வரியை நம்பியிருக்கிறது. பங்குச் சந்தை ஏறினால் கஜானா நிறையும், இறங்கினால் வற்றும். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கம்பெனிப் பங்காக வாங்கும் நம் உறுப்பினர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2020–21இல் பள்ளிகளுக்குத் தர வேண்டியதில் 1,100 கோடி டாலருக்கு மேல் மாநிலம் தள்ளிவைத்தது. பணம் பிறகு வந்துவிட்டது. ஆனால் ஆசிரியர் சம்பளத்தைத் தள்ளிவைக்க முடியுமா?

விலைவாசிக்கு ஈடாக மாநிலம் தரும் உயர்வு 2023–24இல் 8.22 சதவீதம். மறு ஆண்டே 1.07. 2025–26க்கு, மாநில அரசை நடத்தும் ஆளுநர் ஜனவரி பட்ஜெட்டில் போட்ட மதிப்பீடு 2.43, மே மாதத் திருத்தத்தில் அது 2.30 ஆனது. மருத்துவக் காப்பீடும் மின்கட்டணமும் இந்த எண்களைப் பார்த்து ஏறுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் தேதிகளில் இருக்கிறது. அடுத்த ஆண்டு வேலை இல்லாமல் போகலாம் என்ற நோட்டீஸை ஆசிரியர்களுக்கு மார்ச் 15க்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆளுநரின் திருத்தம் வருவதோ மே 14 வாக்கில். சட்டமன்றம் பட்ஜெட்டை நிறைவேற்ற ஜூன் 15 வரை அவகாசம். மாவட்டம் ஜூலை 1க்குள் தன் பட்ஜெட்டை முடிக்க வேண்டும். ஆக, எவ்வளவு பணம் வரும் என்று தெரிவதற்கு இரண்டு மாதம் முன்பே, யாரை வேலையிலிருந்து அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

நம் பொங்கல் விழாவுக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து கோலம் போட்ட ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மார்ச்சில் அந்த நோட்டீஸ் வந்தது. வகுப்பின் வாசிப்பு மூலையில் தன் காசில் வாங்கி வைத்திருந்த புத்தகங்களை அவர் தனியாகப் பிரித்துப் பெட்டியில் அடுக்கியதை நம் உறுப்பினர்கள் சிலர் பார்த்தார்கள். மே மாதம் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அவர் வேறு மாவட்டத்தில் நேர்முகத் தேர்வு முடித்து, அங்கே வேலையை ஒப்புக்கொண்டுவிட்டார். நல்ல ஆசிரியரை இழக்க உண்மையான பற்றாக்குறைகூடத் தேவையில்லை, பற்றாக்குறை வரலாம் என்ற பயமே போதும்.

அதனால்தான் இந்த முறை பிப்ரவரியிலேயே மாவட்டத்தின் கல்வி வாரியக் கூட்டங்களுக்குப் போனோம். ஜூனில் போய்ப் பேசுவது பந்தி முடிந்தபின் இலை கேட்பது மாதிரி. ஆளுக்கு இரண்டே நிமிடம்தான். இதுவரை மைக் பிடித்திராத தாய்மார்கள்கூட எழுதி வைத்துக்கொண்டு வந்து தெளிவாகப் பேசினார்கள். நூலக உதவியாளர்களின் நேரம் ஓராண்டுக்குக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. மனநல ஆலோசகர்களின் நேரம் குறைந்துவிட்டது. அதை விடப்போவதில்லை.

அப்புறம், நம் வீடுகளைப் பற்றியே ஒரு விஷயம். இங்கே பணம் வருவது எத்தனை பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்து அல்ல, தினசரி வருகையின் சராசரியை வைத்து. காய்ச்சலுக்கு லீவு போட்டாலும் கணக்கில் குறைவுதான். காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பச் சொல்லவில்லை. ஆனால் டிசம்பரில் டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே கிளம்பி, ஊரில் பொங்கலும் முடித்துவிட்டுத் திரும்புவது நம்மிடையே சாதாரணம். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போக வேண்டியதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. கிளம்புவதற்கு முன்பே பள்ளி அலுவலகத்தில் சுயகற்றல் ஒப்பந்தம் கேட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கொடுத்த பாடங்களைப் பிள்ளை முடித்தால் அந்த நாட்களை வருகையாகக் கணக்கில் சேர்க்க வழி இருக்கிறது. திரும்பி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். நவம்பரிலேயே இதை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் நினைவூட்டச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

வரும் ஆண்டுக்கு பட்ஜெட் துணைக்குழு ஒன்று அமைக்க இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். மாவட்டம் டிசம்பரிலும் மார்ச்சிலும் வெளியிடும் இடைக்கால நிதி அறிக்கைகளைப் படித்து உறுப்பினர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது அதன் முதல் வேலை. கணக்குத் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இன்று கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்