தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருக்காதே

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா யார் துணையும் இல்லாமல் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. அவருக்குக் குளிர் ஆகவே ஆகாது, அதனால் பாய்லர் விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன், மற்ற கதையெல்லாம் அப்புறம்.

பாய்லருக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது, பிரஷர் முள் இறங்கும்போதெல்லாம் வால்வைத் திறந்து நிரப்பிவிடுகிறேன், வீடு சூடாகத்தானே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அங்கேதான் எனக்குப் பக்கென்றது. எப்போதோ ஒரு தடவை நிரப்பினால் பரவாயில்லை, வாரா வாரம் நிரப்பினால் அந்த சிஸ்டத்தை நாமே உள்ளிருந்து அரிக்க விடுகிறோம் என்று அர்த்தம். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குள் சுற்றுவது அதே பழைய தண்ணீர்தான். அதில் கரைந்திருந்த ஆக்சிஜன் கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு துருப்பிடிப்பதும் அநேகமாக நின்றுவிடும். நீ புதுத் தண்ணீர் விடும்போதெல்லாம் புது ஆக்சிஜனும் கூடவே போகிறது, துருவைத் தடுக்க ஊற்றி வைத்த மருந்தும் நீர்த்துப்போகிறது. ரேடியேட்டரின் இரும்பு கறுப்புச் சேறாகக் கரைந்து பம்பில் போய் அடைக்கும். இன்றைக்குச் சொட்டுகிற இடம் ஒன்று என்றால் நாளைக்கு இன்னொரு இடம் சேரும்.

எங்கள் வீட்டில் போன குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன், உனக்குப் பயன்படலாம். காலையில் பாய்லர் ஆறியிருக்கும்போது முள் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் கிடக்கும், நிரப்பிவிட்டு ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் 3 பாருக்கு (பிரஷரை அளக்கும் அலகு) ஏறிவிடும், வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன செம்புக் குழாயிலிருந்து சுடுதண்ணீர் சொட்டும். சாதாரணமாக ஆறின நிலையில் 1 முதல் 1.5 பார், சூடானதும் 2 பார் பக்கம், அவ்வளவுதான் இருக்க வேண்டும். தண்ணீர் சூடானால் விரியும், 100 லிட்டர் இருந்தால் நன்றாகச் சூடான பிறகு ஏறக்குறைய 3 லிட்டர் கூடுதலாக இடம் கேட்கும். அந்த இடத்தைக் கொடுப்பதற்கென்றே எக்ஸ்பான்ஷன் வெசல் என்று ஒன்று உண்டு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர், நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. வந்த டெக்னீஷியன் அதன் காற்று வால்வின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஊசியை நகத்தால் அழுத்தினார். காற்று வர வேண்டிய இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் பீய்ச்சி அவர் மணிக்கட்டில் அடித்தது. சவ்வு கிழிந்துவிட்டது, வேறு போட வேண்டியதுதான் என்றார். வெசலையும், 3 பாரில் திறந்து அந்தச் செம்புக் குழாய் வழியாகத் தண்ணீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வையும் சேர்த்தே மாற்றினார், பல தடவை திறந்து மூடிய வால்வு சரியாக உட்காராது என்பதால்.

சிலர் அந்தக் குழாய் சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். முரளி, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே, யாரையும் செய்ய விடாதே. பிரஷர் எல்லை மீறும்போது வெளியேற இருக்கும் ஒரே வழி அது.

உனக்குப் பாய்லருக்கு அடியிலேயே கசிவதால் காரணம் வேறாகவும் இருக்கலாம். வெளியே தெரியும் குழாய் இணைப்புகளை எல்லாம் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே காய்ந்த டிஷ்யூ ஒன்றை வைத்துப் பார், எது முதலில் நனைகிறது என்று தெரிந்துவிடும். இணைப்பில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்குப் படிந்திருந்தால் அது ரொம்ப நாளாகவே கசிகிறது. ஓடும்போது மட்டும் கசிந்து முள் இறங்காமல் இருந்தால், புகையிலிருந்து குளிர்ந்து வரும் நீர் போகிற பிளாஸ்டிக் குழாயில் அடைப்பாக இருக்கலாம். அந்தத் தண்ணீர் அமிலம் கலந்தது, கையில் பட்டால் கழுவிக்கொள். உன் விஷயத்தில் முள் இறங்குவதால் அதற்கு வாய்ப்புக் குறைவு. தீயின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலேயே ஓட்டை என்றால்தான் செலவு பெரிது. பாய்லரும் பழையது என்பதால், அதை மாற்றவும் புது பாய்லர் போடவும் ஆகும் தொகை இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய். கசிவை அடைக்கும் திரவம் என்று பாட்டிலில் விற்கிறார்களே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிழிந்த சவ்வை அது ஒட்டாது, குறுகலான வழிகளில் போய் அடைத்துக்கொண்டால் இருக்கிற பிரச்சினையோடு இன்னொன்றும் சேரும்.

முன்பக்க மூடியை நீயாகக் கழற்றாதே. பல பாய்லர்களில் அந்த மூடிதான் எரியும் பகுதியிலிருந்து புகை வீட்டுக்குள் வராமல் காக்கிறது, அதில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சத்தம் போடும் அலாரம் இல்லையென்றால் இந்த வாரமே ஒன்று வாங்கி மாட்டு, அம்மா படுக்கும் அறைக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கட்டும். மின்சாரப் பகுதிப் பக்கம் ஈரம் தெரிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடு. அதுவரை அம்மா அறைக்கு மட்டும் ஒரு மின்சார ஹீட்டர் போதும், அதை நேராகச் சுவர் பிளக்கில் சொருகு, எக்ஸ்டென்ஷனில் வேண்டாம்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பரீட்சையை முடித்துவிட்டு நாள் முழுக்கப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள், உங்கள் அம்மாவுக்கென்று ஒன்று வரைந்திருக்கிறாள், தனியாக அனுப்புகிறேன். எனக்கு வேலை இடம் மாறும் போலிருக்கிறது, உறுதியானதும் விவரமாக எழுதுகிறேன்.

நாளைக் காலையில் பாய்லரை ஓடவிடுவதற்கு முன் முள் எங்கே நிற்கிறது, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எங்கே நிற்கிறது, இரண்டையும் பார்த்து எழுது. வருகிற ஆளிடமும் முதலில் அதையே சொல், பாதி வேலை அவருக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அன்புடன்,
சேகர்