ஒன்பதாம் வகுப்புச் செயல்திட்டம்: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தனுஷ்கோடிப் புயல் பற்றிப் பிள்ளைகள் கொடுத்த செயல்திட்டங்களைப் பார்த்து முடித்தேன். கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் அமர்க்களம். ஆனால் பதினோரு பேருடையதில் முதல் பக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். பாம்பன் ஓரிடத்தில் 'பாம்பம்' ஆகியிருக்கிறது. அதுவும் பதினொன்றிலும் அப்படியே. எந்தக் கடை என்று நான் கேட்கப்போவதில்லை.

கடல் கொண்டுபோன ரயிலில் இருந்தவர்கள் 110, 115, 200க்கு மேல் என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் வகுப்பே முழிக்கிறது. பயணிகள் 110, ரயில்வே ஊழியர் ஐந்து பேரைச் சேர்த்தால் 115 என்பது ஒரு கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் ஊகித்துச் சேர்த்தால் 200ஐத் தாண்டும். தேதியும் அப்படித்தான்: 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி நடந்ததால் சிலர் 22 என்பார்கள், சிலர் 23 என்பார்கள்.

ஒரே ஒரு மாணவி மட்டும் தன் அப்பத்தா பேசியதைச் செல்போனில் பதிந்து வந்திருந்தாள். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதாம். காற்று அடங்கியபின் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்ததை அவர் சொல்லும்போது ஆசிரியர் அறையே அமைதியானது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று பேத்தி கேட்க, "அது எனக்கு எப்படித் தெரியும் தாயி, கவருமெண்டைக் கேளு" என்கிறார். யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை நான் இரண்டு பீரியடில் நடத்தியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஆகவே, எண்ணிக்கைக்கு மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) போன்ற அரசு வெளியீடுகளைப் பார்க்கட்டும். மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். அந்த வாரத்துச் செய்தித்தாள் கிடைத்தால் நல்லது. ஆனால் தகவல் தொடர்பு அறுந்து கிடந்த நேரத்தில் அச்சான கணக்கு அது, பின்னால் மாறியிருக்கும். விக்கிப்பீடியாவைத் திறந்தால் கட்டுரையை நகலெடுக்காமல் அடிக்குறிப்புக்குப் போகச் சொல்லுங்கள். யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று தெரியாத வாட்ஸ்அப் படங்கள் வேண்டவே வேண்டாம்.

கெடுவைப் பதினைந்து நாள் தள்ளிவைத்திருக்கிறேன். கையெழுத்தில் நான்கு பக்கம் போதும். வீட்டில் அந்தக் காலத்து ரயில், கப்பல் டிக்கெட்டோ கடிதமோ இருந்தால் படம் பிடித்து அனுப்புங்கள். அசலைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்