பாஸ்வேர்டு தெரியாவிட்டால் கணினியை உடைக்கத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிகளை வாங்கிச் சீர்செய்து மறுபடி ஓடவைப்பதில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். மின்னணுக் கழிவைப் பற்றி எழுதுகிறவர்கள் பழுதான கருவிகளைத்தான் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். என் கைக்கு வருபவற்றில் பல பழுதே ஆகாதவை. பாஸ்வேர்டு தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எடைக்குப் போடப்பட இருந்தவை. இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். அதனால்தான் எழுதுகிறேன்.

பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸ் வருவதற்கு முன்பே, கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டால் அது பயாஸ் பூட்டு. பயாஸ் என்பது கணினியை முதலில் எழுப்பும், மதர்போர்டிலேயே பதிந்த நிரல். 1990களின் மேசைக் கணினிகளில் இந்த பாஸ்வேர்டு, மதர்போர்டில் உள்ள பேட்டரியின் தயவில் நிற்கும் சிறு நினைவகத்தில் இருக்கிறது. மின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், சிஆர்2032 என்று பொறித்த 3 வோல்ட் வட்ட பேட்டரி பெரும்பாலான போர்டுகளில் கண்ணில் படும். அதற்குப் பக்கத்திலேயே அநேகமாக மூன்று ஊசிகள் நிற்கும். அவற்றில் இரண்டைச் சேர்த்து ஜம்பர் என்ற சிறிய இணைப்பு மூடி மாட்டியிருக்கும். ஜம்பரைக் கழற்றி, நடு ஊசியையும் மறுபக்க ஊசியையும் சேர்த்துச் சில விநாடிகள் மாட்டிவைத்து, பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் பாஸ்வேர்டு அழிந்துவிடும். தேதியும் நேரமும் மற்ற அமைப்புகளும் கூடவே அழியும். ஆகவே ஹார்டு டிஸ்க்கின் அமைப்பைச் சொல்லும், அதன் லேபிளில் உள்ள சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பயாஸ்கள் சிலவற்றில் அவற்றை நாமேதான் திரும்பப் பதிய வேண்டும். இன்னும் பழைய போர்டுகளில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும் என்பதால், பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை உடனே அகற்றிவிடுவது நல்லது.

மடிக்கணினி அவ்வளவு எளிதில் இணங்காது. ஐபிஎம் திங்க்பேடுகளின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, பேட்டரி இல்லாமலேயே நினைவில் வைத்திருக்கும் தனிச் சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. பேட்டரியை எத்தனை நாள் கழற்றி வைத்தாலும் பயனில்லை. மதர்போர்டையே மாற்றச் சொல்கிறது தயாரிப்பாளரின் கையேடு. ஆனால் அந்தச் சிப்பைப் படிக்கக் கருவி வைத்திருக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். குப்பைக்கு அனுப்பும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

விண்டோஸ் 95, 98 கேட்கும் பாஸ்வேர்டைப் பார்த்துப் பின்வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் கேன்சல் பொத்தானை அழுத்தினாலே பெரும்பாலும் உள்ளே போய்விடலாம். விண்டோஸ் எக்ஸ்பியில் அது நடக்காது. அதற்கு, பெட்டர் நோர்டால்-ஹாகன் என்ற நிரலாளர் எழுதி இலவசமாகவே தந்த சிறு நிரல் உண்டு. அதைக் கொண்ட சிடியிலிருந்து கணினியைத் தொடங்கினால் பாஸ்வேர்டை வெற்றாக்கிவிடலாம். சன், சிலிக்கான் கிராபிக்ஸ் போன்ற நிறுவனங்களின், யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் இயந்திரங்களிலும் சிடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாஸ்வேர்டு கோப்பில் ரூட் (root, அதாவது நிர்வாகியின் கணக்கு) என்று ஆரம்பிக்கும் வரியில், முதல் முக்காற்புள்ளிக்கும் (:) இரண்டாவதுக்கும் நடுவே இருப்பதை அழித்துவிட்டால் கதவு திறந்துவிடும்.

ஆனால் அழிப்பதற்கு முன் டிஸ்க்கை ஒரு நகல் எடுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன். எக்ஸ்பியில் பாஸ்வேர்டை வலுக்கட்டாயமாக மாற்றினால், அந்தக் கணக்கில் மறையாக்கம் செய்து வைத்த கோப்புகளை அதன்பின் படிக்க முடியாது. தவிர, எதற்கு வரலாற்று மதிப்பு உண்டு என்று இன்றைக்கு நமக்குத் தெரியாது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனின் அந்தக் காலத்துப் பாஸ்வேர்டை ஆர்வலர்கள் 2019இல் கண்டுபிடித்தார்கள். அது சதுரங்கத்தின் தொடக்க நகர்வு ஒன்று. பழைய பாஸ்வேர்டு கோப்பை யாரோ அழிக்காமல் விட்டதால்தான் அது முடிந்தது.

நகல் எடுக்கிறோம் என்பதற்காக, முந்தைய உரிமையாளரின் கடிதங்களையும் படங்களையும் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. கணினியைத்தான் நமக்கு விற்றார்கள். முடிந்தால் அவரைத் தேடி ஒப்படைக்க வேண்டும். முடியாவிட்டால் படிக்காமல் அழித்துவிட வேண்டும். பூட்டைத் திறக்கும் முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொருவரும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்றைய கணினிகள் நாளைக்குப் பழையவை ஆகும்போது இந்த வழிகள் எதுவும் உதவப்போவதில்லை. 2018 முதல் ஆப்பிள் மேக் கணினிகளில் பரவலாக இடம்பெற்ற டி2 என்ற பாதுகாப்புச் சிப்பும், அதற்குப் பின் வந்தவையும், முந்தைய உரிமையாளரின் கணக்கோடு இயந்திரத்தைப் பிணைத்துவைக்க வல்லவை. திருட்டைத் தடுக்க அது தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் முறையாகக் காசு கொடுத்து வாங்கியவரும் வெளியே நிற்க நேர்கிறது. ஆகவே பொறுப்பு விற்பவர் பக்கம் வந்துவிட்டது. அலுவலகங்களும் பள்ளிகளும் கணினிகளை மொத்தமாகக் கழிக்கும்போது, தரவை அழித்து, கணக்கிலிருந்து இயந்திரத்தை விடுவித்து, பயாஸ் பாஸ்வேர்டையும் நீக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். நீக்க நேரமில்லை என்றால், அந்த பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய கணினிச் சேகரிப்பாளர் ஒருவர்