வீடு வீடாகச் சத்துக்குளிசை விற்க வரும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமார், தங்கச்சிமார்,

ஒட்டுசுட்டானில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குப் போன மாதம் உங்களில் ஒருவர் வந்தார். சிறுபோக நெல் விற்ற காசு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. இப்போது அலுமாரியில் இரண்டு போத்தல் 'ஒட்சியேற்ற எதிரி' குளிசை நிற்கிறது. பக்கத்தில் கிளினிக் கொப்பி. அதற்குள் மடித்த கடதாசிப் பையில், அங்கே கொடுத்த, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் குளிசை ஒன்றுகூடக் குறையாமல் கிடக்கிறது.

"கொழுப்பு கூடினால் ஒன்றுமில்லையாம், அது கறள் பிடிச்சால்தான் ஆபத்தாம். அந்தப் பிள்ளை சொன்னது" என்றார் பெரியம்மா.

அந்தப் பிள்ளை சொன்னதில் பாதி சரி. முழுப் பொய் என்றால் பெரியம்மாவே படலையோடு அனுப்பியிருப்பார்.

இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் எல்டிஎல் துணிக்கைகள் நாடியின் உட்சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொள்கின்றன. கறள் பிடிப்பது, அதாவது ஒட்சியேறி உருமாறுவது, பெரும்பாலும் அங்கேதான். உருமாறாத துணிக்கையை வெண்குழியம் அளவோடு எடுக்கும். உருமாறியதைக் கண்டால் நிறுத்தத் தெரியாமல் விழுங்கும். இரசாயன முறையில் மாற்றிய எல்டிஎல்லைக் கொண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பிரவுணும் கோல்ட்ஸ்டைனும் இதை 1979இல் காட்டினார்கள். ஒட்சியேற்றமும் அதே வேலையைச் செய்யும் என்று எண்பதுகளில் இன்னொரு அமெரிக்க ஆய்வாளர் டானியல் ஸ்டைன்பேர்க்கின் குழுவினர் கண்டார்கள். விழுங்கி விழுங்கி ஊதிய அந்தக் கலங்களுக்கு நுரைக்கலம் என்று பெயர். அவை சேர்ந்து படிவாகி, படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

சரி, அப்படியென்றால் கறளைத் தடுக்கும் விற்றமின் போதும்தானே? நியாயமான கேள்விதான். பிரித்தானியாவில் 20,536 பேரை வைத்து ஐந்து வருடம் பார்த்து, 2002இல் முடிவைச் சொன்னார்கள். ஒரே ஆய்வில் எல்டிஎல்லைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் குளிசையையும் பார்த்தார்கள், விற்றமின் ஈ, சி, பீட்டா கரோட்டினையும் பார்த்தார்கள். சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை ஏறக்குறையக் கால்வாசி குறைந்தன. விற்றமின் எடுத்தவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. சுவருக்குள் போகும் துணிக்கையே குறைந்தால் கறள் பிடிக்க என்ன மிஞ்சும்? பெரியம்மா மடித்து வைத்த குளிசையும் அதே வகைதான்.

படித்துவிட்டு வேலையில்லாமல் வெயிலில் மோட்டார் சைக்கிளில் அலைகிறீர்கள், தெரியும். விற்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. போத்தலை வெளியே எடுக்கமுன் கிளினிக் கொப்பியைக் கேட்டுப் பாருங்கள். குளிசை எழுதியிருந்தால், "அதை நிப்பாட்டாதேங்கோ" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நான் சொன்னதைவிட நீங்கள் சொன்னதைத்தான் பெரியம்மா நம்பினார்.

இப்போது கிளினிக் குளிசையைத் திரும்ப எடுக்கிறார். ஒரு போத்தல் இன்னும் உடைக்கவில்லை. காசைத் தந்துவிட்டு அதைக் கொண்டுபோகட்டாம்.