குட்டைக்கால் ஜோடி: செல்வத்துக்கு ஒரு கடிதம்

தென்காசி,
ஞாயிறு காலை.

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? அப்பா வாசல்வரை தனியாக நடக்கிறார் என்று படித்ததில் பெரிய நிம்மதி. முட்டிக்கு எண்ணெய் போடுவதை மட்டும் விட்டுவிடச் சொல்லாதே, வலி போகிறதோ இல்லையோ அவருக்குப் பொழுது போகும்.

சரி, கோழி விஷயத்துக்கு வருகிறேன். செராமா என்கிற குட்டிக்கோழி ஜோடி வாங்கி, குஞ்சு பொரிக்கும் தெர்மாகோல் பெட்டியில் 12 முட்டை வைத்ததில் 4தான் பொரித்தது, கரண்ட் போனதுதான் காரணம் என்று விற்றவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சேவல், பெட்டை இரண்டுக்கும் வயிறு தரையைத் தொடுகிறது. எனக்குக் கரண்டைவிட அந்தக் கால்கள்மேல்தான் சந்தேகம்.

செராமா மலேசியாவில் கிளந்தான் பக்கம் உருவான இனம். நெஞ்சை நிமிர்த்தி, வாலைத் தூக்கி, இறக்கையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு நிற்கும். கால் ரொம்பக் குட்டையாக இருக்காது. ஆனால் அதில் ஜப்பான் குட்டைக்கோழியின் ரத்தம் உண்டு. சாபோ என்பார்களே, அதுதான். அந்தத் தரையொட்டும் கால் அங்கிருந்து வருவது. குட்டைக்காலைத் தரும் மரபணு தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குஞ்சு குட்டைக்காலோடு நன்றாக வளரும். இருவரிடமிருந்தும் வந்தால் கரு பிழைக்காது. பெரும்பாலும் மூன்று நான்கு நாளிலேயே முட்டைக்குள் செத்துவிடும்.

அப்படியானால் குட்டைக்காலோடு குட்டைக்காலைச் சேர்த்தால், கரு கூடிய நாலு முட்டைக்கு ஒன்று சாகும், இரண்டு குட்டைக்கால், ஒன்று நெட்டைக்கால். சராசரிக் கணக்குதான், ஒவ்வொரு ஈட்டிலும் அப்படியே வராது. குட்டைக்கால் சேவலுக்கு நெட்டைக்கால் பெட்டையைப் போட்டால் பாதிக்குப் பாதி வரும், இந்தக் காரணத்தால் ஒன்றும் சாகாது. நெட்டையோடு நெட்டை சேர்ந்தால் எல்லாம் நெட்டைதான். அதனால் உன் ஈட்டில் நெட்டைக்கால் பெட்டைக்குஞ்சு வந்திருந்தால் அதை அழகில்லை என்று யாருக்கும் கொடுத்துவிடாதே. அடுத்த தலைமுறைக்கு அதுதான் உனக்கு வேண்டும். வேறு சேவலோடு சேர்த்தால் இன்னும் நல்லது, தகப்பனோடே கட்டாதே.

ஆனால் 12க்கு 8 போனதற்கு இது மட்டும் காரணமாக இருக்க முடியாது. இதன் கணக்கில் 3 போயிருக்கலாம். மீதி 5க்கு வேறு காரணம் தேடவேண்டும். அடுத்த முறை 7ஆம் நாள் ராத்திரி இருட்டில் டார்ச் அடித்துப் பார். உள்ளே ஒன்றுமே இல்லாமல் மஞ்சள் நிழல் மட்டும் தெரிந்தால் கரு கூடவில்லை, சேவலைப் பார்க்கவேண்டும். சிலந்திக்கால் மாதிரி நரம்போடினால் உயிர் இருக்கிறது. நரம்பில்லாமல் சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் தொடக்கத்திலேயே செத்தது. மேலே சொன்ன மரபணுவாலும் இருக்கலாம், வைக்கும் முன்பே வெயிலில் கெட்டும் இருக்கலாம். முழுக்குஞ்சாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தால் ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் சந்தேகப்படு. பொரிக்காத முட்டையை எல்லாம் ஒரே குப்பையில் கொட்டிவிட்டால் எந்தக் காரணம் என்று கடைசிவரை தெரியாது.

நம்மூர் வெயிலில் முட்டை சேர்ப்பதுதான் பெரிய தொல்லை. 35 டிகிரி அறையில் முட்டை கிடந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி நின்றுவிடும். மண்சட்டியில் ஈர மணல் போட்டு, மேலே துணி விரித்து, கூர்முனை கீழாக வை. ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதே. கழுவாதே, அழுக்கு முட்டையை ஒதுக்கிவிடு.

தெர்மாகோல் பெட்டியில் விசிறி ஓடுகிறதா? ஓடினால் 37.5 டிகிரி. வெப்பமானி முட்டை மட்டத்தில் இருக்கவேண்டும், மூடியில் தொங்கினால் அது காட்டும் எண்ணை நம்பாதே. ஈரப்பதம் 50 சதவீதம் போதும், கடைசி மூன்று நாளில் 65 முதல் 70. செராமா 19, 20 நாளில் பொரித்துவிடும், நாட்டுக்கோழிக்கு 21. ஆகையால் 17ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்து, அதன்பின் மூடியைத் திறக்காதே. கரண்ட் சில மணிநேரம் போனால் பெட்டியை மூடிப் போர்வை போட்டு வைத்தால் பெரும்பாலும் தாங்கும். சூடு ஏறிப்போவதுதான் ஆபத்து, 40ஐத் தாண்டினால் சீக்கிரமே போய்விடும்.

பெட்டைக்கு அடை கிடக்க ஆசை வந்தால் நாலைந்து முட்டைக்கு மேல் வைக்காதே, அதன் உடம்பு மறைப்பது அவ்வளவுதான். நாட்டுப்பெட்டையை நம்பி வைத்தால் கனத்தில் ஓடு நொறுங்கும். பஞ்சு மாதிரி இறகுள்ள சில்க்கி இனக் கோழி இருந்தால் நல்ல வளர்ப்புத்தாய்.

பொரித்த குஞ்சு நம் கட்டைவிரல் அளவுதான் என்பதால் சாதாரணத் தண்ணீர்த்தட்டிலேயே மூழ்கிச் சாகும். தட்டில் கூழாங்கல் நிரப்பு. தீவனத்தை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக் குருணையாக்கு. செய்தித்தாள் விரிக்காதே, வழுக்கிக் கால் விரிந்துபோகும்; சாக்குத்துணி நல்லது. முதல் வாரம் 35 டிகிரி, வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டு வா. பல்புக்குக் கீழே ஒட்டிக் கும்பலாக நின்றால் குளிர்கிறது, ஓரத்தில் வாயைத் திறந்து நின்றால் சூடு அதிகம். எண்ணைவிட குஞ்சு சொல்வதை நம்பு.

வெள்ளைக்கழிச்சலுக்கு 5 முதல் 7 நாளுக்குள் லசோட்டா தடுப்புமருந்து கண்ணில் ஒரு சொட்டு. கரைத்த மருந்தை ஐஸ் மேல் வைத்து இரண்டு மணிநேரத்துக்குள் முடித்துவிடு. மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் போடுவதால் பயனில்லை. 8 வாரத்தில் அதே நோய்க்கு ஆர்2பி தடுப்பூசி. கால்நடைத்துறை பிப்ரவரியில் நடத்தும் முகாமில் இலவசமாகவே போடுவார்கள். வயது குறைந்ததற்கும் சோர்ந்து கிடப்பதற்கும் போட விடாதே.

இன்னொன்று, தீவனத்தைக் குறைத்தால் குட்டையாகவே இருக்கும் என்று யாராவது சொன்னால் அவரிடம் கோழி வாங்காதே. சின்ன உடம்பு வம்சத்தால் வருவது. பட்டினி போட்டால் எலும்பு வளைந்து, முட்டை வரும்போது அடைத்துக்கொண்டு பெட்டை சாகும். அதனால்தான் மிகச் சின்னப் பெட்டையை இனப்பெருக்கத்துக்கு எடுக்கக் கூடாது என்கிறார்கள். சேவல் சின்னதாகவும் பெட்டை சற்றுப் பெரிதாகவும் இருக்கட்டும். கிளிஞ்சல் தூளைத் தனிக்கிண்ணத்தில் வை, தேவையானதைப் பெட்டையே எடுத்துக்கொள்ளும். இவ்வளவு பார்த்தும் ஒரே ஈட்டில் ஒன்று 300 கிராமிலும் இன்னொன்று 500 தாண்டியும் வரும். செராமா அளவில் நிலைத்து நிற்காத இனம். பாப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவை, இல்லாவிட்டால் 'இது பெருசா இருக்குப்பா' என்று அழுவாள்.

குட்டைக்காலுக்கு மழைக்காலம் ஆகாது. வயிற்று இறகு சேற்றில் இழுபட்டு நனைந்து, செள் பிடிக்கும். கூண்டின் தரையை உமி போட்டுக் காயவை, ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து கொட்டிவை, புரளட்டும்.

இப்போதைக்கு இரண்டையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுது. உயிரோடிருக்கும் நாலு குஞ்சில் எது குட்டை, எது நெட்டை என்பதையும் சேர்த்து எழுது. நெட்டைக்கால் பெட்டை ஒன்றுமே வரவில்லையென்றால் நான் இங்கே விசாரிக்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
பாலு