ஆறாவது ஆணி

அன்பு மகளே,

இத்தாலியின் போலோஞாவிலிருந்து நீ அனுப்பிய உறை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே வீட்டுச் சாவியும் ஒரு துண்டுச் சீட்டும். "இனி இது எனக்குத் தேவைப்படாது அம்மா, அங்கே யாருக்காவது உதவும்." நீ எதையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை என்று தெரியும். சாமான் ஒதுக்கும்போது கண்ணில் பட்டிருக்கும், அனுப்பிவிட்டாய். நான்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக் கதவருகே நெடுநேரம் நின்றிருந்தேன், உன் நோன்னோ, அதாவது என் அப்பா, சாவி மாட்ட அடித்த ஆணிப் பலகைக்கு முன்னால்.

அந்தப் பலகையின் கதையை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. அவர் போனபோது உனக்கு ஆறு வயது. அவருடைய இருமலைத் தவிர உனக்கு வேறென்ன நினைவிருக்கப் போகிறது?

1947இல் அவர் இத்தாலியில் அப்ரூட்சோ மலைக் கிராமத்தை விட்டுக் கிளம்பினார். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. இத்தாலி 50,000 ஆட்களைச் சுரங்கத்துக்கு அனுப்பும், பதிலுக்கு பெல்ஜியம் இத்தாலிக்கு நிலக்கரி விற்கும். "என்னை எத்தனை மூட்டைக்கு விற்றார்களோ" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். என் அம்மா, உன் நோன்னா, மட்டும் சிரிக்க மாட்டார். ஊர்ச் சுவர்களில் இளஞ்சிவப்புச் சுவரொட்டிகள் ஒட்டியிருந்தார்களாம். நல்ல கூலி, குடும்பப் படி, சம்பளத்தோடு விடுமுறை, இலவசக் கரி என்று எல்லாம் அதில் இருந்தது. பூமிக்கு அடியில் வேலை எப்படி இருக்கும் என்பது மட்டும் இல்லை. மிலான் ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில் உடம்பைச் சோதித்து ரயிலேற்றினார்கள். வந்து இறங்கிய இடத்தில் தங்க வளைந்த தகரக் கொட்டகை. போர்க்கைதிகளை அடைத்துவைத்திருந்த கொட்டகைதான் அது, கைதிகள் போனபின் இவர்கள்.

பெல்ஜியத்தில் இந்த ஷார்லருவா பக்கத்துக் கரிப்படுகைகள் மெல்லியவை. சில இடங்களில் அரை மீட்டர்கூட உயரம் இருக்காது, ஒருக்களித்துப் படுத்துத்தான் வெட்ட வேண்டும். அவர் முழங்கைகளில் நீலத் தழும்புகள் இருந்தன. காயத்துக்குள் கரித்தூள் புகுந்து அப்படியே ஆறிப்போனவை. சிறுமியாக இருந்தபோது அவற்றைப் பச்சை குத்தியது என்று நினைத்திருந்தேன். அந்த வேலையில் மிச்சம் பிடித்து நான்கு ஆண்டுகளில் நோன்னாவையும் உன் மாமாவையும் வரவழைத்தார். நானும் சித்தியும் இங்கே பிறந்தவர்கள்.

இனி பலகைக்கு வருகிறேன். சுரங்கத்தில் இறங்குமுன் ஒவ்வொருவரும் எண் பொறித்த உலோக வில்லையை விளக்கு அறையில் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிக்கொள்வார்கள். மேலே வந்து விளக்கைத் திருப்பித் தந்தால் வில்லை கைக்கு வரும். வேலைமுறை முடிந்தபின்னும் ஒரு வில்லை அங்கேயே தொங்கினால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள்.

1956 ஆகஸ்ட் 8, புதன்கிழமை. ஷார்லருவாவை ஒட்டிய மார்சினெலில் புவா து கசியே சுரங்கம். 975 மீட்டர் ஆழத்தில், ஏற்றி இறக்கும் கூண்டில் சரியாக ஏறாமல் துருத்திக்கொண்டு நின்ற ஒரு கரி வண்டி, கூண்டு நகர்ந்ததும் எண்ணெய்க் குழாயையும் மின்கம்பிகளையும் அறுத்துவிட்டது. தீ. காலை எட்டே காலுக்குள் எல்லாம் நடந்துவிட்டது. அன்று கீழே இறங்கியவர்கள் 275 பேர், இறந்தவர்கள் 262 பேர். அதில் 136 பேர் இத்தாலியர்கள்.

உன் நோன்னோ வேறொரு சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஆனால் அவரோடு ஒரே ரயிலில் வந்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே இருந்தார். அந்த மனிதரின் மனைவியை அழைத்துக்கொண்டு நோன்னோ தினமும் சுரங்க வாசலுக்குப் போனார். கம்பிக் கதவைப் பிடித்தபடி பெண்கள் இரண்டு வாரம் நின்றார்கள். 23ஆம் தேதி மீட்புக்குழுவில் ஒருவர் மேலே வந்து "துத்தி கதாவெரி" என்றார், எல்லாம் பிணங்கள். என் நாலு வயதுக் கண்ணில் பதிந்தது ஒன்றுதான்: அன்றிரவு அப்பா தொப்பியைக் கழற்றாமலே மேசையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மாதமே பலகை வந்தது. ஐந்து பேருக்கு ஐந்து ஆணிகள், எனக்கும் அப்போதே ஒன்று, சாவி பின்னால்தான். சுரங்கத்துக்கு நேர் தலைகீழான கணக்கு: இங்கே ஆணியில் சாவி தொங்கினால் ஆள் பத்திரமாக வந்தாயிற்று.

எல்லாரும் இதைப் பாசம் என்பார்கள். பதினெட்டு வயதில் எனக்கு அது சிறையாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒருநாள் நடனத்துக்குப் போய்விட்டு இரவு ஒரு மணிக்குத் திரும்பினேன். சமையலறையில் விளக்கில்லை, அவர் இருட்டில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று பதிலையும் தயாராக வைத்திருந்தேன். நான் சாவியை மாட்டிய சத்தம் கேட்டதும் எழுந்து படுக்கப் போய்விட்டார். காலை ஐந்து மணிக்கு அவருக்கு வேலை. திட்டியிருந்தால் எவ்வளவோ மேல்.

உன் மாமாவின் கதை வேறு. பதினாலு வயதில் கூலிக்கு ஆசைப்பட்டு அவனும் சுரங்கத்துக்கு வருகிறேன் என்றான். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. "நாளை முறை முடியும்போது வாசலில் நில், என்னை அடையாளம் கண்டுபிடி, அழைத்துப் போகிறேன்" என்றார். அவன் போய் நின்றான். கரி பூசிய முகங்கள் நூறு கடந்து போயின, எல்லாம் ஒரே முகம். அப்பா அவன் பக்கமாகவே நடந்து வீட்டுக்கு வந்து, குளித்து, சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவன் இருட்டியபின் வந்து சேர்ந்தான். அந்த வாரமே தொழிற்பள்ளியில் சேர்ந்தான், எலக்ட்ரீஷியன் ஆனான்.

நுரையீரலில் தூசி படியும் நோயை இந்த நாடு தொழில்நோய் என்று ஏற்றுக்கொண்டதே 1964இல்தான். அவருக்கு அதற்கு முன்பே மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் தக்காளிச் சாற்றுப் போத்தல்களை டிரம்மில் அடுக்கி வேகவைப்பது அவர் பொறுப்பு. யார் வீட்டுக்கு எத்தனை போத்தல் என்று சாக்கட்டியால் கதவில் எழுதிவைப்பார். ஊர்க்காரரின் விதவைக்குத்தான் முதல் பங்கு, கடைசிவரை.

நீ பிறந்த வாரம் ஆறாவது ஆணியை அடித்தார். "தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு எதற்கு?" என்று நோன்னா கேட்டார். "வளரும்" என்றார். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது தன் சாவியைப் பைஜாமாப் பையில் எடுத்துப்போனார். அவருடைய சாமான்களோடு அது திரும்பி வந்தது. நோன்னாதான் அதை மாட்டினார், எங்களைத் தொட விடவில்லை.

அவர் விட்டுவந்த நாட்டுக்கே நீ வேலைக்குப் போயிருக்கிறாய். அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார், பிறகு ரயில் நேரம் கேட்டிருப்பார்.

உன் சாவியை நான் மாட்டவில்லை. மாட்டினால் நீ வீட்டில் இருக்கிறாய் என்றாகிவிடும், நீ இல்லையே. இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன், உறை கிழியாமலிருக்கத் துணியில் சுற்றியிருக்கிறேன். முன்கதவுப் பூட்டு குளிரில் இறுகிக்கொள்கிறது. கதவைச் சற்று உன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பு.

அம்மா