ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு மானிட்டர் வாங்கணும், கை கொடுங்க

கடலூர் சொந்தங்களுக்கு வணக்கம். நம்ம தர்ம ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டருக்கு தசை எவ்வளவு வேலை செய்யுதுன்னு நம்பர் போட்டு காட்டுற மானிட்டர் ஒண்ணு வாங்கறதுன்னு கமிட்டியில முடிவாயிருக்கு, அதுக்குத்தான் உங்ககிட்ட கேக்கறோம்.

பெரிய ஆபரேஷன்னா மயக்க மருந்தோட அட்ராகுரியம், வெக்குரோனியம் மாதிரி தசையை தளர்த்துற மருந்தும் போடுவாங்க, அது போட்டதும் மூச்சு தானா வராது, மெஷின்தான் மூச்சு கொடுக்கும். ஆபரேஷன் முடிஞ்சு, மூச்சுக்காக தொண்டை வழியா போட்ட ட்யூபை எடுக்கறப்ப அந்த தளர்த்துற மருந்து உடம்புல கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் தொண்டை சரியா மூடாது, எச்சில் நுரையீரலுக்குள்ள இறங்கும், ஆக்சிஜன் குறையும்.

இப்ப நம்மகிட்ட இருக்கறது வெறும் நெர்வ் ஸ்டிமுலேட்டர். மணிக்கட்டுல சுண்டுவிரல் பக்கம் ஓடுற நரம்புல நாலு தடவை கரண்ட் குடுத்து, கட்டைவிரல் துடிக்கறத டாக்டர் கண்ணால பாத்து, தொட்டுப் பாத்து சொல்றாங்க. நாலாவது துடிப்பு முதல் துடிப்புல 90 சதவீதமாவது இருந்தாத்தான் ட்யூப் எடுக்கறது சேஃப், ஆனா 40 தாண்டிட்டாலே எவ்வளவு அனுபவசாலி கைக்கும் நாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த 40க்கும் 90க்கும் நடுவுல பேஷன்ட் மாட்டிக்கக் கூடாதுங்கறதுதான் எங்க கவலை. அஞ்சு செகண்ட் தலையைத் தூக்கச் சொல்றதும் போதாது, மருந்து மிச்சம் இருக்கறவங்களே தூக்கிடுவாங்க. 2023ல அமெரிக்க மயக்கவியல் டாக்டர்கள் சங்கமும் அளந்து காட்டுற மானிட்டரைத்தான் சிபாரிசு பண்ணுச்சு.

எந்த மெஷின்னு ரொம்ப நேரம் பேசினோம். கட்டைவிரல்ல சென்சார் ஒட்டி அசைவை அளக்கற ஆக்சிலரோமயோகிராஃபிக்கு விரல் தாராளமா அசையணும், பண்ருட்டி பக்கத்துலேருந்து பித்தப்பை ஆபரேஷனுக்கு வர்ற அம்மாவுக்கு லேப்ராஸ்கோப்பின்னு (சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்றது) ரெண்டு கையையும் உடம்போட சேத்து துணிக்குள்ள சுத்தி வெச்சிட்டா விரல் எங்க அசையும், நம்பர் தப்பா வரும், அதோட மருந்து போடறதுக்கு முன்னாடியே ஒரு தடவை அளந்து வெச்சுக்கணும், ஏன்னா அதுல ஆரம்பத்துலயே 100க்கு மேல காட்டறதும் உண்டு. எலக்ட்ரோமயோகிராஃபி தசையோட மின்சாரத்தையே அளக்கறதால கை கட்டியிருந்தாலும் பரவாயில்ல. காட்டரி, அதாவது கரண்ட்ல சுட்டு ரத்தத்தை நிறுத்துற கருவி, ஓடறப்ப சிக்னல் கலங்கும், அது நின்னா சரியாயிடும். அதனால எங்க ஓட்டு இதுக்குத்தான்.

ஒரே சிக்கல், இதுக்கு ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் தோல்ல ஒட்டற புது எலக்ட்ரோடு வேணும். மெஷினுக்கு பெரிய தொகை குடுக்க முடியாதவங்க எலக்ட்ரோடு செலவை ஏத்துக்கலாம், மாசாமாசம் கொஞ்சமா குடுத்தாலும் ரொம்ப உதவி. பணம் ஆஸ்பத்திரி ஆபீஸ்ல மட்டும் குடுங்க, ரசீது கேட்டு வாங்கிக்கோங்க, வரவு செலவு நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவோம். வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கற நம்ம ஊர் பிள்ளைங்களுக்கும் இதை அனுப்பி வைங்க.